எஞ்சினின் உஷ்ணமும் காவலர் இருவரும்

கோடையில் மோட்டார் வண்டி கொதித்தால், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் குளிர்ந்துவிடும்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. நான் வாழும் கீழக்குயில்குடியிலும், மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும் இந்த யோசனையைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். இது தகுமா என்பதை மோட்டாரின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியின் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்து சென்று, ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கவேண்டும்.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு 'டி' மாதிரிக் கார்களில், தொடக்கத்தில் வந்த சில வண்டிகள் நீங்கலாக, இதற்கென்று பம்பு இல்லை. சூடேறிய நீர் இலேசாகி மேலே ஏறும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். உலைநீரில் நாம் காணும் விதியே அது. எஞ்சின்களின் ஆற்றல் பெருகியபோது பம்பு இன்றியமையாததாயிற்று. ஆனால் விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினிலும் பம்பு ஓயாமல் நீரைச் சுழற்றியதால், எஞ்சின் சூடேறத் தாமதமாயிற்று. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாயிருக்கும், ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் மிகும்.

இக்குறையைத் தீர்க்கவே தெர்மோஸ்டாட் பயன்பட்டது. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் மெழுகைக் கொண்டு இதனை அமைத்தார். குறித்த உஷ்ணத்தில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்க, நீர் ரேடியேட்டருக்குப் பாய்கிறது. ஆகவே தெர்மோஸ்டாட் உஷ்ணத்தின் கீழெல்லையைக் காக்கும் காவலன். அது முழுதும் திறந்தபின் மேலெல்லையைக் காப்பது ரேடியேட்டரும் விசிறியுமே.

விசிறியின் பணி யாது? வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும் வண்டியை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வண்டியோ மெல்ல ஊர்கிறது. எதிர்க்காற்று போதாத அந்த நேரத்தில் விசிறியே துணை. ஆனால் எஞ்சினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்ட விசிறி, எதிர்க்காற்று மிகுந்த சமவெளி ஓட்டத்திலும் ஓய்வதில்லை. அதன் வேகம் இருமடங்கானால், அதைச் சுழற்றும் திறன் எட்டு மடங்கு வேண்டும்.

இந்த இழப்பு பந்தயக்காரருக்குப் பெரிது. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்து மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. அம்பாசடர், பியட், ஹெரால்டு முதலிய சாலை வண்டிகளே மாற்றியமைக்கப்பட்டு அங்கே ஓடின. விசிறியைக் கழற்றினால் சிறிது திறன் மிச்சம். ஆனால் புறப்படும் கோட்டில் வண்டி காத்து நிற்கையில் கொதித்துவிடும் அபாயமும் உண்டு. 1983இல் வெளிவந்த மாருதி 800 போன்ற கார்களின் மின்விசிறி, வேண்டும்போது மட்டும் சுழன்று இச்சிக்கலைத் தீர்த்தது.

கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வகைக் கார்களில் ரேடியேட்டர் விசிறியே கிடையாது. ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது பணியாளர்கள் வெளியிலிருந்து காற்றூட்டுகின்றனர்.

ஆகையால், மாணவர்களே, வண்டி கொதித்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'எப்போது கொதிக்கிறது?' என்பதே. மெல்லச் செல்லும்போது மட்டுமெனில் விசிறியைச் சோதிக்கவேண்டும். வேகமாகச் செல்லும்போதெனில், நீர் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாமல் சிக்கியிருக்கலாம். சிக்கிய தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்தவேண்டுமேயன்றி, அந்த இடத்தை வெறுமையாக விடலாகாது.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அழுத்தத்தினால் உள்ளே நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்த கணமே பொங்கியெழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.