அறுவைக்கு முன் ஓர் ஊசி: ஹார்மோனும் மார்பகப் புற்றணுவின் மரபணுக்களும்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வீட்டார் வாயில் முதலில் வரும் பெயர் பெரும்பாலும் ஜிப்மர்தான். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. பயாப்ஸியில் எடுத்த சதைத் துணுக்கு ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்து ‘பிளாக்’ ஆகிறது. அதைச் சில மைக்ரான் தடிமனில் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி, ஆன்டிபாடி ஊற்றி, நிறமேற்றுகிறார்கள். புற்றணுக்களின் உட்கரு பழுப்பாக மாறினால் ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று வரும்; ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிப் புரதம் கட்டியில் இருக்கிறது என்று பொருள். நூற்றில் ஓர் அணுவின் உட்கரு பழுப்பானாலே பாசிட்டிவ்தான் என்பது 2010 முதல் பின்பற்றப்படும் வரையறை.

இந்தச் சோதனையில் கைப்பக்குவத்துக்கு இடம் அதிகம். சதையை ஃபார்மலினில் போடத் தாமதித்தாலோ, தேவையான நேரம் ஊறவிடாமல் எடுத்தாலோ ஏற்பி இருந்தும் நிறம் ஏறாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 798 கட்டிகளைச் சோதித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக் கட்டிகளே ஈ.ஆர். பாசிட்டிவாக இருந்தன. இந்தியப் பெண்களின் நோய் மேலைநாட்டினருடையதிலிருந்து வேறுபடுவது ஒரு காரணம். திசுவைப் பக்குவப்படுத்துவதில் நேரும் குறைகளும் இதில் சேர்கின்றன என்று நோய்க்குறியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தவறாக நெகட்டிவ் என்று வந்துவிட்டால், பலன் தரக்கூடிய ஹார்மோன் தடுப்பு மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

ஈஸ்ட்ரோஜனுக்கும் மார்பகப் புற்றுக்கும் உள்ள உறவை முதலில் கண்டவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் அல்லர். கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், கறவை மாடுகளின் சினைப்பையை அகற்றினால் பால் வற்றாமல் நீடிக்கிறது என்ற விவசாயிகளின் அனுபவத்தை அறிந்திருந்தார். சினைப்பைக்கும் மார்பகத்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அறுவைக்குப் பிறகும் புற்று மீண்டு வந்திருந்த 33 வயதுப் பெண்ணுக்கு 1895-இல் சினைப்பைகளை அகற்றினார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்தன. 1896-இல் ‘லான்செட்’ இதழில் அவர் இதை எழுதியபோது ஹார்மோன் என்ற பெயரே பிறக்கவில்லை.

காரணம் புலப்பட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜனில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். கருப்பையில் அது வேதிமாற்றம் எதுவும் அடையாமல் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நொதிகள் ஹார்மோனை வேதிமாற்றம் செய்வதால்தான் அது வேலை செய்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. 1958-இல் வியன்னா மாநாட்டில் ஜென்சன் பேசியதைக் கேட்க அரங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களிலும் மூவர் அடுத்துப் பேசக் காத்திருந்தவர்கள்.

அவர் கண்ட ஏற்பி, ஹார்மோன் வந்து ஒட்டியதும் உருமாறி, இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசைகளில் அமர்கிறது. துணைப் புரதங்களை அழைத்து அருகிலோ தொலைவிலோ உள்ள மரபணுக்களைப் படிக்க வைக்கிறது. சிலவற்றின் வாயை அடைக்கவும் செய்கிறது. இதை அணுவுக்குள்ளேயே பார்க்க உதவியவை எம்.சி.எஃப்-7 அணுக்கள். மிச்சிகனில் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீயின் நுரையீரல் உறையில் சேர்ந்த நீரிலிருந்து 1970-இல் எடுத்து வளர்க்கப்பட்டவை அவை. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் பட்டதும் இந்த அணுக்களில் பி.எஸ்.2 என்ற மரபணு விழித்தெழுவதை ஸ்ட்ராஸ்பூர் நகரில் பியேர் ஷாம்போனின் குழு 1982-இல் காட்டியது. ஏற்பியின் மரபணுவே 1986-இல் கைக்குக் கிடைத்தது. 2006-இல் பாஸ்டனில் மைல்ஸ் பிரவுன் குழு இதே அணுக்களில் ஏற்பி அமரும் இடங்களை மரபணுத் தொகுதி முழுவதும் வரைபடமாக்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள். மிகப் பெரும்பாலானவை எந்த மரபணுவின் தொடக்கத்துக்கும் அருகில் இல்லை. மரபணுவின் வாசலில்தான் கட்டுப்பாடு என்று நம்பியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

மருந்து இத்தனைக்கும் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் 1962-இல் உருவாக்கிய தமாக்ஸிஃபென் கருத்தடை மாத்திரைக்கான தேடலில் பிறந்தது. ஏற்பியில் ஈஸ்ட்ரோஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, துணைப் புரதங்கள் வந்து சேராதபடி அது தடுக்கிறது. லக்னோவில் நித்யா ஆனந்தின் குழு உருவாக்கிய செண்ட்குரோமானும் இதே குடும்பம்தான். ‘சஹேலி’யாகக் கடைகளிலும் ‘சாயா’வாக அரசு சுகாதார நிலையங்களிலும் கருத்தடைக்குத் தரப்படும் மாத்திரை அது. ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு என்று தினமும் தமாக்ஸிஃபென் விழுங்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிலருக்கு நோய் அதையும் மீறுகிறது. பரவிய நோயில் ஏற்பி மரபணுவே திரிந்து, ஹார்மோன் இல்லாமலே சதா இயங்கும் நிலைக்குப் போய்விடுவதை 2013-இல் அருள் சின்னையனின் மிச்சிகன் குழுவும் வேறு குழுக்களும் கண்டறிந்தன.

இந்தக் கதையின் இந்திய அத்தியாயம் இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைப் பற்றியது. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் அறுவை நடந்தது என்பது நோயாளி உயிர்பிழைப்பதைப் பாதிக்கிறதா என்ற கேள்வியை லண்டனில் இருந்தபோது ஆராய்ந்தவர் அறுவை மருத்துவர் ராஜேந்திர பட்வே. அந்த ஆய்வு 1991-இல் வெளியானது. புரோஜெஸ்டிரோன் மிகுந்த பின்பாதியில் அறுவை செய்துகொண்டவர்கள் நன்றாக இருந்தார்கள். அப்படியானால் அந்த ஹார்மோனை நாமே கொடுத்தால் என்ன? அவரது குழுவினர் டாடா நினைவு மருத்துவமனையில் 1997 முதல் 2005 வரை 1000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவைக்கு 5 முதல் 14 நாள் முன்பு 500 மில்லிகிராம் ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், ஒரே ஊசி. மறுபாதிக்கு நேராக அறுவை.

முடிவு 2011-இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆனால் அக்குள் நிணநீர் முடிச்சுக்குப் புற்று பரவியிருந்த 471 பேரில், ஊசி போட்டவர்களில் 65.3 சதவீதம் பேர் ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள், போடாதவர்களில் 54.7 சதவீதம். புரோஜெஸ்டிரோன் ஏற்பி கட்டியில் இருந்ததா இல்லையா என்பதும் இந்தப் பலனை மாற்றவில்லை.

அந்த ஏற்பி இல்லாத அணுவில் ஹார்மோன் எப்படி வேலை செய்யும்? நவி மும்பையில், டாடா மையத்தின் ஆய்வுப் பிரிவான ஆக்ட்ரெக்கில், அமித் தத்தின் குழு மார்பகப் புற்றணுக்களுக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்து, எந்த மரபணுக்கள் ஏறின, எவை இறங்கின என்று ஆர்.என்.ஏ. வரிசைகளை எண்ணியது. 2018-இல் வெளியான விடை இரண்டு கட்டமாக இருந்தது. எஸ்.ஜி.கே.1 என்ற மரபணு நேரடியாகத் தூண்டப்படுகிறது. கூடவே அதை வழக்கமாக அடக்கி வைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைகின்றன. அதன் விளைவாக என்.டி.ஆர்.ஜி.1 பெருகி, அணு நகரவும் சுற்றுத் திசுவைத் துளைக்கவும் தேவையான நொதிகளை அடக்குகிறது. ஏற்பி உள்ள அணுக்கள், இல்லாத அணுக்கள் இரண்டிலும் இதே பாதை தெரிந்தது. வளர்ப்புக் கிண்ணத்தில் கண்டதை வைத்து அறுவை மேசையில் நடப்பதைச் சொல்லிவிட முடியாதுதான். என்றாலும், பீட்சனுக்குப் பிறகு அறுபது ஆண்டு ஆனது இங்கே ஏழே ஆண்டில் நடந்திருக்கிறது. மருத்துவச் சோதனையும் ஆய்வுக்கூட வேலையும் ஒரே நிறுவனத்தின் கூரையடியில் நடந்தது அதற்கு முக்கியக் காரணம்.

துணைக்குழு ஒன்றில் மட்டும் தெரிந்த பலனை வைத்து யாரும் சிகிச்சை முறையை மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது. நிணநீர் முடிச்சில் நோய் உள்ளவர்களை மட்டும் சேர்த்து, அதையே முதன்மைக் கேள்வியாக வைத்து இன்னொரு பெரிய சோதனை நடக்க வேண்டும். ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் பழைய மருந்து, கர்ப்பிணிகளுக்கு நெடுநாளாகப் போடப்பட்ட மலிவான ஊசி. காப்புரிமை இல்லாத மருந்துக்காக எந்தக் கம்பெனியும் ஆயிரக்கணக்கானோரை ஐந்தாண்டு பின்தொடரப் பணம் தராது. நோயாளிகள் குவியும் அரசு மருத்துவமனைகளும் புற்றுநோய் மையங்களும் சேர்ந்து, பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய வேலை இது. ஜிப்மரையும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தையும் போன்ற இடங்களில் அதற்கான நோயாளிகளும் மருத்துவர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.