முதலில் வந்தது கல்லா, கடவுளா?

ஹோமரின் ஒடிசி காவியத்தின் 16ஆம் பகுதியில் பன்றி மேய்க்கும் யூமேயஸ் தான் கண்டதைச் சொல்கிறான். நகரத்திலிருந்து திரும்பும்போது, ஊருக்கு மேலே ‘ஹெர்மீஸ் மேடு’ இருக்கும் இடத்தில் நின்று, துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் நுழைவதைப் பார்த்தானாம். அந்த மேட்டைப் பற்றி ஹோமர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்த இடவகை என்று விட்டுவிட்டார். உரையாசிரியர்கள் அப்படி விடுவார்களா? அந்த ஒரு சொல்லுக்காக ஒரு புராணத்தையே இழுத்துவந்தார்கள்.

தேவர்களின் அரசன் சீயஸ் விரும்பிய அயோ, பசுவாக மாற்றப்பட்டாள். உடம்பெல்லாம் கண் கொண்ட ஆர்கோஸை அவளுக்குக் காவல் வைத்தாள் சீயஸின் மனைவி ஹீரா. சீயஸ் ஏவியபடி, வழித்துணைக் கடவுளான ஹெர்மீஸ் போய்க் காவலனைக் கொன்றான். கொலைக்கு விசாரணை கூடியது. தேவர்களுக்குத் தர்மசங்கடம்: கொன்றது உண்மை, ஏவியவனோ சீயஸ். கடைசியில் கையிலிருந்த வாக்குக் கற்களை ஹெர்மீஸ் மீதே எறிந்து, பழி தங்களைச் சேராமல் பார்த்துக்கொண்டு, அவனை விடுவித்தார்கள். கற்கள் அவன் காலடியில் குவிந்தன. வழிப்போக்கர்கள் ஹெர்மீஸுக்குக் கல்குவிக்கும் வழக்கம் இப்படி வந்ததாம்.

இது வழக்கத்துக்குப் பின்னால் பிறந்த கதை என்பது வெளிப்படை. கூழாங்கல் போட்டுத் தீர்ப்புச் சொல்வது கிரேக்க நகரங்களின் நீதிமன்ற முறை. அதை அப்படியே ஒலிம்பஸில் ஏற்றியிருக்கிறார்கள்.

சொல்லுக்கு வருவோம். ‘ஹெர்மா’ என்றால் கிரேக்கத்தில் முட்டு, தாங்கல். கரையில் இழுத்துப் போட்ட கப்பல் சாயாமலிருக்க அடியில் கொடுக்கும் முட்டை ஹோமர் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். நகரைத் தாங்கி நின்ற வீரனுக்கும் அதே சொல். கப்பலின் அடிப்பாரமும், கப்பலை உடைக்கும் நீரடிப் பாறையும்கூட ஹெர்மாதான். குவித்த கல், நட்ட கல் என்ற வழியில் இதிலிருந்தே ஹெர்மீஸ் என்ற பெயர் கிளைத்தது என்று அறிஞர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இல்லை, பெயர் கிரேக்கருக்கு முந்திய வேறொரு மொழியின் மிச்சம் என்பது மறுதரப்பு. கி.மு. 1200ஐ ஒட்டி எரிந்துபோன பைலோஸ் அரண்மனையின் களிமண் ஏடுகளிலேயே இந்தக் கடவுளின் பெயர் இருப்பதால், வழக்கு எளிதில் தீராது. வேர் எதுவானாலும், கிரேக்கன் காதில் இரண்டும் ஒன்றாகவே ஒலித்திருக்கும் என்பது என் எண்ணம். வழியில் கல்லைப் பார்த்தால் அவனுக்கு ஹெர்மீஸ் நினைவு வராமல் இருந்திருக்காது. எதிர்பாராமல் கிடைத்த பொருளுக்கு ‘ஹெர்மையோன்’ என்றே பெயர். கூட வருபவன் கையில் ஏதாவது கிடைத்துவிட்டால், “ஹெர்மீஸ் பொது!” என்று சொல்லிப் பங்கு கேட்பார்கள்.

குவியல் தூணானது ஏதென்ஸில். கி.மு. ஆறாம் நூற்றாண்டில், சர்வாதிகாரி பிசிஸ்திராதுஸின் மகன் ஹிப்பார்க்கஸ், நகருக்கும் சுற்றியிருந்த ஊர்களுக்கும் நடுவழியில் கல்தூண்களை நட்டான். ஒரு பக்கம் இடக்குறிப்பு, மறுபக்கம் நேர்மையாக நட, நண்பனை ஏய்க்காதே என்பதுபோல் ஓர் அறிவுரை. பாதி மைல்கல், பாதி நீதிநூல். கேஃபலே ஊருக்கு நடுவழியைக் காட்டிய தூணின் துண்டு இன்றும் இருக்கிறது.

இவற்றின் வடிவத்தை அறிய, சிஃப்னோஸ் தீவிலிருந்து வந்து ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நிற்கும் பளிங்குச் சிலையைப் பார்க்கலாம். காலம் கி.மு. 520ஐ ஒட்டியது, உயரம் சுமார் 66 சென்டிமீட்டர். மேலே கூர்தாடி வைத்த தலை, சுருள் சுருளான முடி, உதட்டில் அக்காலச் சிற்பிகளுக்கே உரிய மெல்லிய சிரிப்பு. கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லை, சதுரக் கல்தான். கை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கட்டைகள். முன்பக்கம் விறைத்த ஆண்குறி. செதுக்கத் தெரியாமல் விட்டதல்ல இது. அதே காலத்துச் சிற்பிகள் முழு உடலையும் நன்றாகவே செதுக்கினார்கள். கல் கல்லாகவும் தெரியவேண்டும், கடவுளாகவும் தெரியவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். இந்தத் தூணுக்கும் ‘ஹெர்மீஸ்’ என்றே பெயர். இன்று ‘ஹெர்ம்’ என்கிறோம்.

கி.மு. 415இல், சிசிலிமீது படையெடுக்கக் கப்பல்கள் தயாராக நின்ற நேரத்தில், ஒரே இரவில் ஏதென்ஸின் ஹெர்ம்களில் பெரும்பாலானவற்றின் முகங்கள் சிதைக்கப்பட்டன. வழித்துணைக் கடவுளின் முகத்தை உடைத்துவிட்டுப் பயணம் போவதா? ஊர் நடுங்கியது, குடியாட்சியைக் கவிழ்க்கச் சதி என்று பேச்சு கிளம்பியது. முழுநிலா வெளிச்சத்தில் சுமார் 300 பேரைப் பார்த்தேன் என்று டியோகிளைடிஸ் என்பவன் சாட்சி சொன்னான். பிறகு பொய் என்று ஒப்புக்கொண்டு மரண தண்டனை பெற்றான். அன்று நிலாவே இல்லாத இரவு என்கிறார் புளூட்டார்க். தண்டிக்கப்பட்டவர்களின் சொத்து ஏலம் போனது. பட்டியலைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். மொழிக்குப் புதிதாக ஒரு சொல்லும் சேர்ந்தது: ‘ஹெர்மொகோபிதாய்’, ஹெர்ம் வெட்டிகள். குலப்பெயர் விகுதியைச் சேர்த்துக் கட்டிய கிண்டல் பெயர். நான்கே ஆண்டில் அரிஸ்டோபனிஸ் அதை மேடையில் ஏற்றிவிட்டார். விறைத்து நிற்கும் ஆண்களைப் பார்த்து, மேலாடையால் மூடிக்கொள்ளுங்கள், ஹெர்ம் வெட்டிகள் கண்ணில் பட்டுவிடப்போகிறது என்று எச்சரிக்கிறது ‘லிசிஸ்திராதா’ நாடகத்தின் பாடற்குழு.

ரோமானியர் கையில் தூண் தோட்ட அலங்காரமானது. சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் ‘ஹெர்மதீனா’ வந்து சேர்ந்ததைக் கொண்டாடுகிறார்: ஹெர்மீஸோடு அதீனாவைச் சேர்த்துச் செய்த தூண். ஹெர்குலிஸுக்கு ‘ஹெர்மெராக்ளிஸ்’. கடவுளின் பெயர் வெறும் முன்னொட்டாகிவிட்டது. அப்புறம் தத்துவஞானிகள், தளபதிகள் என்று யார் தலையும் அந்தச் சதுரக் கல்லில் ஏறியது. தலைக்கவசத்தோடு ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் லண்டனில் இருக்கிறார், வாடிகனிலும் இருக்கிறார். அவர் வளர்ப்பில் இருந்த அல்கிபியாடிஸ்மீதுதான் 415இல் முதல் சந்தேகம் பாய்ந்தது; பாதிப் படையெடுப்பில் அழைப்பாணை வர, எதிரியான ஸ்பார்ட்டாவிடம் ஓடினான். ரோமில் கேபிடோலின் அருங்காட்சியகத்தில் அவனுக்கும் பெயர் பொறித்த ஒரு ஹெர்ம் உண்டு.