தெசூக்கா விட்டுச்சென்ற அறை

மாணவரிடம் சித்திரக்கதைப் புத்தகத்தைக் கண்டால் பறித்து மேசை லாச்சிக்குள் வைக்கும் ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அந்தக் கூச்சத்தோடுதான், நேயர்களே, இன்று யப்பானியச் சிறுவர் இருவரைப் பற்றிப் பேச வருகிறேன்.

1947இல் ‘புதிய புதையல் தீவு’ வெளிவந்தது. யப்பான் போரில் தோற்று வறுமையில் கிடந்த காலம். வரைந்தவர் ஒசாமு தெசூக்கா. அப்போது மருத்துவ மாணவர். தகாவோகா நகரில் அதைப் படித்த பள்ளித் தோழர்கள் ஹிரோஷி புஜிமோட்டோவும் மொட்டூ அபிக்கோவும் மலைத்துப்போனார்கள். படங்கள் சினிமாவாக ஓடினவாம்! கடிதம் எழுதினார்கள். தபாலட்டையில் பதிலும் வந்தது.

1952இல் தக்கராசுக்காவிலிருந்த தெசூக்காவின் வீட்டுக்கே போனார்கள். தாம் வரைந்த ‘பென்ஹர்’ பிரதியைக் காட்டினார்கள். அவர் மெச்சினார். ஆனால் அவருடைய மூலப் பிரதியைப் பார்த்தபோதுதான், அச்சில் வந்ததைவிட எத்தனையோ அதிகமான பக்கங்களை அவர் வரைந்து கழித்திருந்தமை தெரிந்தது. எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம் அது.

மெச்சுவது எளிது. தெசூக்கா அதற்கு அப்பாலும் போனார். 1954இல் டோக்கியோவின் ‘தொக்கிவாசோ’ விடுதியில், நாலரைப் பாய் விரிக்கும் அளவான தமது அறையைக் காலிசெய்தபோது, அங்கே குடிவந்தவர்கள் இந்த இருவருமே. வீட்டுக்காரரிடம் கட்டியிருந்த 30,000 யென் முற்பணத்தைத் திருப்பி வாங்காமல் அவர்களுக்காகவே விட்டார். தம் மேசையையும் விட்டுச்சென்றார்.

இருவரும் ‘புஜிக்கோ புஜியோ’ என்ற ஒரே புனைபெயரில் நெடுங்காலம் எழுதினார்கள். 1969 இறுதியில் தொடங்கிய ‘டொரேமொன்’ புஜிமோட்டோவின் படைப்பு. விடுதி 1982இல் இடிக்கப்பட்டது. அதே தோற்றத்தில் மீளக் கட்டப்பட்டு, 2020இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.