நாற்றங்காலும் சட்டாம்பிள்ளையும்

ஆசிரியரை ஆயத்தப்படுத்துவதில் ஐரோப்பிய நாடுகள் இருவேறு வழிகளைக் கையாண்டன. அவ்விரண்டிலும் நம் தமிழகக் கடற்கரைக்குத் தொடர்புண்டு என்பதை நாம் பெரும்பாலும் நினைவுகூருவதில்லை.

முதல் வழி ஜெர்மனியில் தோன்றியது. ஹாலே நகரில் ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கே 1696இல் ஆசிரியர்க்கென ஒரு செமினரியை ஏற்படுத்தினார். இலத்தீன் வழிவந்த இச்சொல்லுக்கு நாற்றங்கால் என்பதே பொருள். வறிய இறையியல் மாணவர்கள் அங்கு இலவசமாக உணவு பெற்று, அதற்கு ஈடாகப் பள்ளிகளில் கற்பித்தனர். ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1716இல், ஆசிரியரையும் உபதேசியாரையும் உருவாக்கும் செமினரியை அங்குத் தொடங்கினார்.

இரண்டாம் வழி நம் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. எழும்பூரில் படைவீரரின் ஆண் பிள்ளைகளுக்கென 1789இல் தொடங்கிய காப்பகத்தை ஆண்ட்ரு பெல் என்னும் குருவானவர் கண்காணித்து வந்தார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் காப்பகத்திலும் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இணங்காமற்போகவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே இளையோர்க்கு எழுத்துக் கற்பித்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இது புதிதன்று. பெல் இம்முறையை விளக்கி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். செலவு குறைந்ததாகையால் இங்கிலாந்து இதனை விரும்பி ஏற்றது.

ஆயினும், மனப்பாடம் செய்ததைத் திருப்பிச் சொல்லச் சிறுவனால் இயலும். அதன் காரணத்தை விளக்க இயலாது. இக்குறையை உணர்ந்த இங்கிலாந்து, 1846இல் மாணவ ஆசிரியர் முறையை வகுத்தது. அதன்படி பதின்மூன்று வயதினர் தலைமை ஆசிரியரிடம் ஐந்தாண்டுகள் தொழில் பயின்றனர். தேர்வில் வென்றோர் உதவித்தொகையுடன் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றனர்.

ஏனைய நாடுகள் நாற்றங்காலையே நாடின. பிரஷ்யப் பள்ளிகளை நேரில் கண்ட விக்தர் கூசேனின் அறிக்கையை அடுத்து, பிரான்சு 1833இல் மாவட்டந்தோறும் ஆசிரியர் பள்ளி வேண்டுமெனச் சட்டம் செய்தது. அமெரிக்காவின் லெக்சிங்டனில் 1839இல் முதல் அரசு ஆசிரியப் பள்ளி திறந்தபோது வந்த மாணவியர் மூவரே. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்னும் போதகர், பிற நாடுகளின் பள்ளிகளைப் பார்வையிட்டுத் திரும்பி, 1863இல் யுவாஸ்கிலாவில் செமினரியைத் தொடங்கினார். அந்நாட்டில் 1979 முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கும் முதுகலைப் பட்டம் வேண்டப்படுகிறது.

சட்டாம்பிள்ளை முறையை நாம் முற்றிலும் இகழ்தல் தகாது. கற்பித்தே கற்பிக்கப் பழகுகிறோம் என்னும் உண்மை அதிலும் உண்டு. ஹாலே மாணவரும் அவ்வாறே பழகினர். ஆனால் அவர்களோ முதலில் தாங்கள் கற்றவர்கள். பிரிஸ்கனுக்கு வயது எட்டு; அவனே இன்னும் கற்பிக்கப்பட வேண்டிய பிள்ளை. சிக்கனம் கருதி ஆயத்தமற்றவரை வகுப்பில் நிறுத்தும்போதெல்லாம், நம் திருச்சபைப் பள்ளிகளிலும் ஞாயிறு பள்ளிகளிலுங்கூட, அச்சிறுவனை நாம் நினைத்துக்கொள்வது நன்று.