பனிமான் இருந்தால் குடில் தப்பும்

அரசியல் சட்ட வழக்கில் கோமாளி, யானை, கரடி பொம்மை எல்லாம் சாட்சிக்கு வரும்னு நான் நினைச்சதே இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் லிஞ்ச் எதிர் டானெலி தீர்ப்பைப் படித்தபோதுதான் அந்த அதிசயம் கண்ணில் பட்டது.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாட்டக்கெட் என்ற ஊர். கடைத்தெருவை ஒட்டிய பூங்காவில் நகராட்சி நாற்பது வருஷத்துக்கு மேலாக கிறிஸ்துமஸ் அலங்காரம் வைத்து வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு, வண்டி இழுக்கும் பனிமான்கள், மரம், வண்ண விளக்குகள், மேலே சொன்ன பொம்மைகள். நடுவில் ஒரு குடில்: மரியாள், யோசேப்பு, குழந்தை இயேசு. 1973-இல் 1,365 டாலருக்கு வாங்கியது, வழக்கு வந்தபோது மதிப்பு 200 டாலர். வருஷா வருஷம் நிறுத்தி எடுக்கும் செலவு 20 டாலர். இதுக்குத்தான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க!

பணம் பெரிசில்லைதான். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் குடிலுக்கு எதிராகச் சொல்லியிருந்தன. 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று நகராட்சி பக்கம் நின்றது. மொத்த அலங்காரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது ஒரு பண்டிகைக் காட்சி, அவ்வளவுதான் என்றது. உடன்பட்ட நீதிபதி ஓ'கானர் தனியாக ஒரு கேள்வியை வைத்தார்: அந்த மதத்தைச் சேராதவரிடம் 'நீ இங்கே வெளியாள்' என்று அரசு சொல்வதுபோல் இருக்கிறதா? நான் படித்ததில் இந்த விவகாரத்தின் வலியைத் தொட்ட கேள்வி இதுதான்.

எதிர்த்தவர்களில் ஒருவர் பிளாக்மன். அவர் வருத்தம் வேறு மாதிரி. குடில் ஜெயித்தது, ஆனால் எப்படி? அதில் பக்தி ஒன்றும் பெரிசா இல்லை, கடைத்தெரு சீசனுக்கு ஒரு அடையாளம் என்று சொல்லி ஜெயித்தது. விசுவாசிக்கு இதைவிட அவமானம் உண்டா?

ஐந்து வருஷம் கழித்து, 1989-இல், பிட்ஸ்பர்க் வழக்கு. அலகெனி கவுன்டி நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய மாடிப்படியில் ஒரு கத்தோலிக்கச் சங்கத்தின் குடில். இறைவனுக்கு மகிமை என்று லத்தீனில் எழுதிய பதாகையோடு. பனிமான் கிடையாது. ஒரு தெரு தள்ளி நகர அலுவலகத்தின் முன் 45 அடி கிறிஸ்துமஸ் மரம், பக்கத்தில் யூதர்களின் ஹனுக்கா விளக்குத்தண்டு 18 அடியில், கீழே சுதந்திரத்தைப் போற்றும் மேயரின் பலகை. நான்கு நீதிபதிகள் இரண்டும் இருக்கலாம் என்றார்கள். மூன்று பேர் இரண்டும் கூடாது என்றார்கள். மிச்சம் இரண்டு பேர்தான் முடிவு செய்தார்கள்: குடில் போகணும், விளக்கு இருக்கலாம். அந்த இருவர் ஓ'கானரும், அதே பிளாக்மனும்! தீர்ப்பை எழுதியதும் பிளாக்மன்தான். மரத்தோடு சேர்ந்து நிற்பதால் விளக்கு பண்டிகைக் காலத்தின் ஒரு பகுதி என்றார். 1984-இல் குடிலுக்காகப் பட்ட வருத்தம் விளக்குக்கு ஏன் வரவில்லை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீதிபதி கென்னடி சும்மா விடவில்லை. எத்தனை பனிமான், எவ்வளவு தூரத்தில் என்று கணக்கெடுப்பதா நீதிமன்றத்தின் வேலை என்று கேட்டார். 'பனிமான் விதி' என்று வக்கீல்கள் கேலியாகச் சொல்வது இதைத்தான்.

2022-இல் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் பிரார்த்தனை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓ'கானரின் கேள்வியையே ஓரம் கட்டிவிட்டது. இனி வரலாற்று வழக்கத்தைப் பார்க்கணுமாம்.

கலிபோர்னியாவின் சான்டா மோனிகா வேறு வழியில் முடித்தது. பூங்காவில் தனியார் வைக்கும் குடில்களுக்கு இடம் பத்தாமல் 2011-இல் குலுக்கல் போட்டார்கள். 21 இடங்களில் 18 நாத்திகர்களுக்கு விழுந்தது. மறுவருஷம் நகரசபை யாருக்குமே இடமில்லை என்றுவிட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே நின்ற குடில்கள் தனியார் நிலத்துக்குக் குடி போயின.