சுங்கம் தவிர்த்தவர்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்துக்கு அந்தப் பெயர் ஓர் அறச்செயலால் வந்தது. விஜயநகர அரசர் காலத்தில் லட்சுமிகுமார தாதாசாரியார் அங்கே நீர்நிலை அமைத்தார். ஊர் அவரைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. அவருக்குப் பல நூற்றாண்டு முன்னர் இந்த மண்ணை ஆண்ட முதல் குலோத்துங்கனுக்கும் செயலே பெயராயிற்று: 'சுங்கம் தவிர்த்த சோழன்'.

சங்க நூல்களில் சுங்கத்துக்குப் பெயர் 'உல்கு'. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் உல்கு பெறும் பெருவழியில் போகின்றன. வில்வீரர் வழியைக் காக்கின்றனர். வழிக்காவலும் உல்கும் சேர்ந்தே இருந்தன. உல்கு அரசனுக்குரிய பொருள் என்கிறது 756ஆம் குறள். வடமொழிச் 'சுல்கம்' பிராகிருதத்தில் 'சுங்க' என்றாகித் தமிழில் 'சுங்கம்' ஆனது. 'உல்கு'வும் அதன் திரிபே என்பர் அறிஞர் பலர்.

குலோத்துங்கனின் தந்தை வேங்கிநாட்டு மன்னர். தாய் சோழ இளவரசி. 1070இல் அவன் சோழ அரியணை ஏறிய பின் அண்டை நாடுகள் இரண்டும் ஒரு குடைக்கீழ் வந்தன. அத்தகைய மன்னனை மக்கள் நினைவு வைத்தது, வென்ற போரைவிடத் தவிர்த்த வரியால்.

பிற்காலத்தில் நாடுகளே ஒன்றுகூடியும் சுங்கம் தவிர்த்தன. ஜெர்மானிய அரசுகள் 1834இல் தமக்குள் சுங்கம் நீக்கிச் சேர்ந்த அமைப்பின் பெயர் 'சோல்ஃபெரைன்'. 'சோல்' என்றால் சுங்கம், 'ஃபெரைன்' என்றால் சங்கம். உள்ளே தடையில்லை, வெளிச்சரக்குக்கு எல்லார்க்கும் ஒரே வரி. சுங்க ஒன்றியத்தின் இலக்கணம் இதுவே. 1951இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் இத்தாலியும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் நாடுகளும் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைக்க உடன்பட்டன. படைக்கலம் செய்யும் பொருள் பொதுவானால் மீண்டும் போர் மூளாது என்பதே நோக்கம். 1957 ரோம் உடன்படிக்கையின் வழியே, 1968 ஜூலை 1இல் அந்த ஆறு நாடுகளும் சுங்க ஒன்றியமாயின.

நம் பக்கத்தில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இல் தோன்றியது. இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாடு 2000இலும், தெற்காசிய உடன்பாடு 2006இலும் நடைமுறைக்கு வந்தன. சுங்க ஒன்றியம் மட்டும் இன்னும் அமையவில்லை. குளம் வெட்டியவரை ஊர் மறக்கவில்லை. சுங்கம் தவிர்த்தவனை வரலாறு மறக்கவில்லை. தெற்காசியாவில் அந்தப் பெயருக்கு உரியவர் இனிமேல்தான் வரவேண்டும்.