பட்டியலில் இல்லாத குணம்

லண்டனில் எக்ஸ்சேஞ்ச் ஆலி என்ற சந்தில் தாமஸ் கார்வே என்பவர் காபிக் கடை வைத்திருந்தார். 1660 வாக்கில் தேயிலையின் நற்குணங்களை விளக்கி ஒரு துண்டறிக்கை அச்சடித்தார். தலைவலி போகும், சிறுநீரகக் கல்லுக்கு நல்லது, மூச்சுத்திணறல் தீரும், பார்வை தெளியும், ஞாபகசக்தி கூடும், கெட்ட கனவு வராது, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படிக்கலாம். மாமிசம் நிறையச் சாப்பிடும் பருத்த உடம்புக்காரர்களுக்கு ரொம்பவே நல்லதாம். நம் குடும்ப வாட்ஸப் குழுவில் காலையில் வந்து விழும் ஃபார்வர்டுக்கும் இதற்கும் முந்நூற்று அறுபது வருட இடைவெளி. தொனி மட்டும் மாறவேயில்லை.

அதே அறிக்கையில் விலையும் இருந்தது. ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, 16 முதல் 50 ஷில்லிங் வரை. கூலி வேலை செய்பவர் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க முடியாது.

கடைக்காரர் அப்படித்தான் சொல்வார், சரி. டாக்டர்? நெதர்லாந்தைச் சேர்ந்த கார்னெலிஸ் போன்டெகு என்ற மருத்துவர் 1678-இல் தேநீரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தினம் எட்டு, பத்து கோப்பை குடிக்கச் சொன்னார். இருநூறு கோப்பை போனாலும் தப்பில்லை என்றார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குக் காசு கொடுத்திருக்கும் என்ற சந்தேகம் இன்றுவரை ஓயவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. 1756-இல் ஜோனாஸ் ஹான்வே, தேநீர் உடம்பைக் கெடுக்கிறது, தேசத்தையே வறுமையாக்குகிறது என்று கட்டுரை எழுதினார். தீராத டீப் பிரியரான சாமுவேல் ஜான்சன் அவரை வறுத்தெடுத்தார். இந்தச் சண்டையில் இரண்டு தரப்புமே இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இலை மிதந்த தண்ணீரை யாரும் பார்க்கவில்லை.

1784-இல் பிரதமர் வில்லியம் பிட், தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக ஒரேயடியாகக் குறைத்தார். கடத்தலை ஒழிப்பதுதான் நோக்கம். ஆனால் டீ சாதாரண வீடுகளுக்குள் தாராளமாக நுழைந்துவிட்டது.

கொலராடோ பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர் ஃப்ரான்சிஸ்கா ஆன்ட்மன் இந்த வரிக்குறைப்பைத்தான் பிடித்துக்கொண்டார். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். டீ குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. குடிப்பவர் பணக்காரராக இருக்கலாம், நல்ல சாப்பாடு சாப்பிடுபவராக இருக்கலாம். வரிக்குறைப்போ எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தது. யாரும் திட்டமிடாத ஒரு ஏ/பி டெஸ்ட் மாதிரி. நல்ல தண்ணீர் இருந்த ஊர்களையும் மோசமான தண்ணீர் இருந்த ஊர்களையும் பிரித்து, வரிக்குறைப்புக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தார். தண்ணீர் மோசமாக இருந்த இடங்களில்தான் சாவு அதிகமாகக் குறைந்திருந்தது. இலையின் மகிமை மட்டுமே காரணம் என்றால், இரண்டு வகை ஊர்களிலும் ஒரே மாதிரி குறைந்திருக்க வேண்டுமே?

காப்பாற்றியது பெரும்பாலும் கொதித்த தண்ணீர். கிருமி பற்றி அன்று யாருக்கும் தெரியாது. லண்டன் பிராட் தெருவில் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று ஜான் ஸ்நோ காட்டுவதற்கு இன்னும் எழுபது வருடம் இருந்தது. இலையின் சாறு இறங்க வேண்டும் என்பதற்காகக் கொதிக்க வைத்தார்கள், அவ்வளவுதான். கார்வேயின் நீண்ட பட்டியலில் இந்த ஒரு குணம் இல்லை.

அப்படியென்றால் இலையில் ஒன்றுமே இல்லையா? 2022-இல் பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பதினோரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. தினம் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடிப்பவர்களுக்கு, டீயே குடிக்காதவர்களைவிட இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவு. பால் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. நல்ல செய்திதான். ஆனால் இங்கே வரிக்குறைப்பு மாதிரி எதுவும் நடக்கவில்லை. குடிப்பவர்களைக் கவனித்தார்கள், அவ்வளவே. காரணம் டீதானா என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கதை வேறு. டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள், கீரை, பருப்பு, தானியம் போன்றவற்றிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டீ மட்டும் காரணம் இல்லை. ஆனால் இட்லி சாப்பிட்ட கையோடு டீ, இரும்புச் சத்து மாத்திரைக்கும் அதே டீ என்பது நம் வீடுகளில் சாதாரணம். இன்னொன்று, 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அங்கேயும் குற்றவாளி சூடுதான், இலை அல்ல.

கார்வேயின் அறிக்கையை இன்று யாராவது திருத்தி அச்சடித்தால், பாதிக்கு மேல் அடித்துவிட வேண்டியிருக்கும். புதிதாகச் சேர்க்க என்னிடம் இரண்டு வரி இருக்கிறது: தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுங்கள், ஆனால் கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கட்டும். மாத்திரைக்குத் தண்ணீர் போதும்.